இடப்பக்கம் உளி படாத பலகை

— இது என்ன மாப்ள, உக்கார்றதுக்கா, குழந்தையைக் குளிப்பாட்டறதுக்கா?

— நாற்காலிப் பலகை மாமா. நீங்கதான் குடையச் சொன்னீங்க.

— குடையச் சொன்னேன். கிணறு வெட்டச் சொல்லலையே. வலப்பக்கம் ரெண்டு செம்பு தண்ணி நிக்கும் போலிருக்கு.

— முன்விளிம்பைத் தடவிப் பாருங்க. நல்லா உருட்டியிருக்கேன், தொடையை அறுக்காது.

— அது ஒண்ணுதான் உருப்படி. இடப்பக்கம் உளியே படலையே. பாதியில தூக்கம் வந்துடுச்சா?

— அதில்ல மாமா, அளந்துதான் குடைஞ்சேன். ஒரு தடவை உக்காந்து பாருங்களேன்.

— நின்னு பார்த்தாலே லட்சணம் தெரியுது. கேட்டுக்குங்க, நான் குடைஞ்ச நாற்காலியில ஒரு நீதிபதி உக்காந்தார். அந்தச் சுகத்துல மூணு வருஷம் எழுந்திரிக்கவே இல்ல. வக்கீலுங்க பொறுத்துப் பார்த்துட்டு அவங்களே சமாதானமாப் போயிட்டாங்க.

— போன வாரம் ஒரு வருஷம்னு சொன்னீங்க.

— போன வாரம் நீங்க இவ்வளவு மோசமாக் குடையலையே. இந்தப் பலகை தேறினாத்தான் பட்டறையில உங்க கையில உளி, இல்லேன்னா ஆயுசுக்கும் நாற்காலிக்குக் கால் கடைஞ்சுக்கிட்டு இருங்கன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க. அதான் நம்ம பட்டறை வழக்கப்படி, ஒரு ஆள் உக்காந்த அச்சை எடுத்துக் குடைஞ்சேன்.

— நல்ல ஆளாப் பிடிச்சீங்க போங்க. ஒரு பக்கத்தை அந்தரத்துல தூக்கி வச்சுக்கிட்டு, பஸ்ஸுல அரை சீட்டு கிடைச்சவன் மாதிரி உக்காந்திருக்கான். இவனுக்கு இடுப்பெலும்பு தேஞ்சு போயிருக்கும் மாப்ள. நாற்காலி எதுக்கு, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.

— நானும் அதைத்தான் நினைச்சேன் மாமா.

— யாரு அந்த மகானுபாவன்?

— உங்க வேலைமேஜைக்குப் பின்னால மரத்தூள் மூட்டை இருக்கில்ல, அது மேல தினம் உக்கார்றவர். நேத்து அவர் எழுந்து போனதும், அந்தப் பள்ளத்துல பிளாஸ்டரை ஊத்தி அச்செடுத்தேன்.

— என் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?

— இன்னும் இல்ல.

— பலகை தேறிடுச்சு. உளிப்பெட்டி கீழ்த்தட்டுல இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க மாப்ள. நான் குனிஞ்சு ஏழு மாசமாச்சு.