தாழ மறுத்த டிரம்

அருமைநாயகம்: ஆதியிலே தொடங்கி இந்நாள்வரைக்கும் மனுக்குலத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் ஒன்றே ஒன்று. தாளம்! அந்தத் தாளத்தை இன்றைக்கு இந்த வாவியின் ஆழத்திலே நாம் அடக்கம் பண்ணுகிறோம்…

ரதீஸ்: அடக்கம் பண்றதுக்கு முதல் விளிம்புல வச்சிரிக்கிற கால எடுங்க அண்ணன். தோணி சரியுது.

மேர்சி: எடுக்க வேணாம் அங்கிள். அப்பிடியே நில்லுங்க. டிரம்முக்குப் பதிலா நீங்க தாழுங்க.

அருமைநாயகம்: உன்ன ஆரு மேர்சி தோணியில ஏறச் சொன்ன?

மேர்சி: ஒருத்தரும் சொல்லல்ல. விடியக்காலம் ஒரு மனுசன் ஜெபவீட்டு டிரம் செற்றச் சாக்கால மூடி, வண்டில்ல வச்சுத் தள்ளிக்கொண்டு போனா, பின்னால ஓடி வராம என்ன செய்யிற? வந்தன். ஏறினன். இறங்க மாட்டன்.

ரதீஸ்: எனக்கிட்ட ஒரு சாமானக் கொண்டுபோய் ஆழத்துல போடணும் தம்பி எண்டுதான் சொன்னார். நான் செத்த மாடாக்கும் எண்டு நினைச்சன்.

அருமைநாயகம்: செத்த மாடு பரவாயில்ல மனே. இது உசிரோட இரிக்கிற பிசாசு.

மேர்சி: பிசாசா? கடல் வந்ததுக்கு, அந்தச் சுனாமிக்கு நிவாரணமா வந்தது ரதீஸ் இது. கொண்டெயினர் நிறையக் கம்பளிக் கோட்டு, பனியில போடுற சப்பாத்து, நாய்க்குப் போடுற பிஸ்கட். அதுக்குள்ள உருப்படியான சாமான் இது ஒண்டுதான்.

ரதீஸ்: கோட்டு எங்கட அம்மாவுக்கும் கிடைச்சது. போட்டுக்கொண்டுதான் படுக்கிறா. நுளம்பு கடிக்குதில்லையாம்.

மேர்சி: நாளைக்கு இருபத்தஞ்சு, நத்தார். நாளையிண்டைக்குக் கடல் வந்து ஒரு வருஷம். நினைவு ஆராதனை. நான் கீபோட், சதீஸ் டிரம். ஒரு மாசமாப் பழகினம். எண்ட தங்கச்சி டினுஷா எப்பவும் பாடின பாட்டு. அதுக்குள்ள இவர்…

அருமைநாயகம்: நானில்ல. பாஸ்டர். தான் வாழைச்சேனைக் கூட்டம் முடிஞ்சு வரக்குள்ள இந்தச் சாமான் ஜெபவீட்டுக்குள்ள இரிக்கப்படாது எண்டு சொல்லிற்றுப் போனவர். நான் கீழ்ப்படிகிற பாத்திரம்.

மேர்சி: சரி பாத்திரம். டிரம் எண்டா றொக் பாட்டு எண்டுறீங்க. றொக் பாட்டு ஏன் பிசாசு? ஒரு காரணம் சொல்லுங்க. சரியா இரிந்தா நானே தூக்கிப் போடுறன்.

அருமைநாயகம்: ஒரு காரணமா? அடுக்கடுக்காய் இருக்கிறது! முதலாவது, அந்தப் பாட்டுகளைத் தலைகீழாய் ஓடவிட்டால் உள்ளே இருந்து சாத்தான் பேசுகிறான். வெளிதேசத்திலே நிரூபித்திருக்கிறார்கள்.

மேர்சி: உங்கட பிரசங்கக் கசெற்றும் ஒருக்காச் சிக்கித் தலைகீழா ஓடினது அங்கிள். அண்டைக்குத்தான் கொஞ்சம் விளங்கிச்சு.

ரதீஸ்: ஹா… ஹா…

அருமைநாயகம்: சிரிக்காத மனே, கம்ப ஊண்டு. இரண்டாவது, விஞ்ஞானம்! ஒரு வெள்ளைக்காரன் ரெண்டு பூக்கண்டு வச்சு, ஒண்டுக்கு நல்ல பாட்டும் ஒண்டுக்கு றொக் பாட்டும் போட்டானாம். றொக் கேட்ட கண்டு வாடி வதங்கிச் செத்தே போச்சு.

மேர்சி: உங்கட வளவுல கத்தரிக்கண்டு ஒரு பாட்டும் கேக்காமலே செத்துதே.

அருமைநாயகம்: அதுக்கு நான் தண்ணி ஊத்தல்ல.

மேர்சி: மூண்டாவது?

அருமைநாயகம்: மூன்றாவதுதான் பயங்கரம். அந்தத் தாளம் முதல்ல நெஞ்சுத் துடிப்பப் பிடிக்கும். மறுகா முள்ளந்தண்டால மெல்ல மெல்ல ஏறும்… ஏறக்குள்ள புத்தியக் கழட்டி ஒரு பக்கம் வச்சிரும். கை உனக்குச் சொந்தமில்ல. கால் சொந்தமில்ல. நாக்கு… நாக்கும் சொந்தமில்ல…

மேர்சி: இது எந்தப் புத்தகத்துல இரிக்கு?

அருமைநாயகம்: …இது புத்தகத்துல இல்ல.

ரதீஸ்: அண்ணன் கண்டு அனுபவிச்ச மாதிரிச் சொல்றாரே!

அருமைநாயகம்: கம்ப ஊண்டு எண்டன்!

ரதீஸ்: ஊண்டுறன், ஊண்டுறன். ஒரு சந்தேகம் அண்ணன். எங்கட கோயில் சடங்கிலயும் பறை அடிக்க ஆக்கள் ஆடுறதான. அங்க வந்தா சாமி, இங்க வந்தா பிசாசா? ரெண்டும் தோல்தானே?

அருமைநாயகம்: ரெண்டும் பிசாசுதான்!

ரதீஸ்: அப்பிடியா? அப்ப நான் இதுல குதிச்சு நீந்திக் கரைக்குப் போறன். தோணிய உங்கட பாஸ்டர் வந்து ஓட்டட்டும்.

அருமைநாயகம்: இல்ல மனே, இல்ல… பொதுவாத்தான் சொன்னன். கரைக்குப் போய்க் கதைப்பம். இதுல ஆழமா?

ரதீஸ்: இதுலயா? நெஞ்சளவு. நாளைக்கே ஆரும் இறால் தடவ வந்தா உங்கட பிசாசக் கையில பிடிச்சுக்கொண்டு போவான். ஆழம் எண்டா பாலத்துப் பக்கம்தான் போகணும்.

அருமைநாயகம்: போ. கல்லடிப் பாலமெண்டாலும் போ.

மேர்சி: வேற காரணம் இல்லையா? அவ்வளவுதானா?

அருமைநாயகம்: நாலாவதும் இரிக்கு! கடல் ஏன் நத்தாருக்கு அடுத்த நாள் விடிய வந்தது? யோசி! முதல் நாள் இரவு கடற்கரையில பெடியள் பெட்டி வச்சுப் பாட்டுப் போட்டு ஆடி…

மேர்சி: நிப்பாட்டுங்க.

அருமைநாயகம்: நான் சொல்றது…

மேர்சி: நிப்பாட்டுங்க எண்டன்! டினுஷா ஆடல்ல. பாட்டுப் போடல்ல. அண்டைக்கு விடிய எழும்பிப் பாண் வாங்கப் போனவள். அவ்வளவுதான் அவ செஞ்சது.

அருமைநாயகம்: …மகள்…

மேர்சி: ஜெபவீட்டுல எல்லாரும் வாய்க்குள்ள முணுமுணுப்பாங்க. அவ மட்டும் கூரை கழறக் கத்துவாள். நீங்க வாறதுக்கு முதல், உங்களுக்குத் தெரியாது. நாளையிண்டைக்கு அந்தப் பாட்டுக்கு அந்தச் சத்தம் வேணும் அங்கிள். என்னால அப்பிடிக் கத்த ஏலாது. அதுக்குத்தான் டிரம். அது இல்லாட்டி நான் பாடவும் மாட்டன், அந்தப் பக்கம் வரவும் மாட்டன்.

ரதீஸ்: …அண்ணன், திருப்பட்டா?

அருமைநாயகம்: திருப்பாத. நிண்டு கேட்டா எனக்கு மனசு மாறிரும். இதுல போடுவம். பெரியத முதல்ல…

மேர்சி: விடுங்க! அங்கிள், கைய விடுங்க!

ரதீஸ்: ஆட்டாதீங்க! ரெண்டு பேரும் இழுக்காதீங்க! ஐயோ… போட்டுட்டார்! பெரிய டிரம்மப் போட்டுட்டார்!

அருமைநாயகம்: போ! பாதாளத்துக்குப் போ! இனி ஒருபோதும் மேலே… தம்பி, இது ஏன் தாழுதில்ல?

ரதீஸ்: ரெண்டு பக்கமும் தோல் இழுத்துக் கட்டி உள்ளுக்குக் காத்து. எப்பிடி அண்ணன் தாழும்? பாருங்க, தாரா நீந்துற மாதிரிப் போகுது.

அருமைநாயகம்: தாழ்ந்து போ! கட்டளையிடுகிறேன், தாழ்ந்து போ!

மேர்சி: கத்தாதீங்க அங்கிள். கொண்டெயினர்ல வந்தது. தமிழ் விளங்காது.

ரதீஸ்: ரெண்டு பேரும் வாயப் பொத்துங்க! மாரி வெள்ளம் முகத்துவாரத்துக்கு இழுக்குது. அது நேரே பாலத்தடிக்குப் போகுது. பாலத்துல ஆமி நிக்கான்.

மேர்சி: நிண்டா?

ரதீஸ்: நிண்டாவா? கறுப்பா, உருண்டையா ஒரு சாமான் தண்ணியில மிதந்து பாலத்துத் தூணுக்குக் கிட்டப் போகுது. அவன் என்னத்த நினைப்பான், பூசணிக்காய் எண்டா?

அருமைநாயகம்: கர்த்தாவே… குண்டு…

ரதீஸ்: சுடுவான். முதல்ல அத. மறுகா அதப் போட்ட நம்மள.

மேர்சி: ஓட்டு! ஓட்டு ரதீஸ்!

ரதீஸ்: கம்பு எட்டல்ல! அண்ணன், உங்களுக்குக் கீழ துடுப்புக் கிடக்கு, எடுத்து வலிங்க!

அருமைநாயகம்: வலிக்கிறன்! வலிக்கிறன்!

ரதீஸ்: பின்னுக்கு வலிக்கிறீங்க!

மேர்சி: இன்னம் கொஞ்சம்… இன்னம் கொஞ்சம்… எண்ட காலப் பிடிங்க அங்கிள்… வழுக்குது… பிடிச்சன்! பிடிச்சிற்றன்! இழுங்க!

ரதீஸ்: அப்பாடா… ஏறிற்று. இனி அசைய வேணாம் ஒருத்தரும். ஆமிக்காரன் கண்டிட்டான். கத்துறான்.

அருமைநாயகம்: என்ன சொல்றான்?

ரதீஸ்: என்ன சாமான் எண்டு கேக்கான். …பெர, மாத்தயா! பெர!

அருமைநாயகம்: பெர எண்டா?

ரதீஸ்: மேளம். எனக்குத் தெரிஞ்ச சிங்களம் அவ்வளவுதான். …பெர மாத்தயா! …நம்புறானில்ல. துவக்க நீட்டுறான். மேளம் எண்டா அடிச்சுக் காட்டட்டாம்.

அருமைநாயகம்: அடிக்க வேணாம்!

மேர்சி: என்ன?

அருமைநாயகம்: சுடட்டும் மகள்! சுட்டாப் பரவாயில்ல! அடிக்க மட்டும் வேணாம்!

ரதீஸ்: மனுசனுக்குப் புத்தி பிசகிற்று. அக்கா, நீங்க அடிங்க! கெதியா!

மேர்சி: குச்சி… குச்சி எங்க… இந்தா. சதீஸ் அடிக்கிறது எனக்கும் கொஞ்சம் தெரியும். டும்… டும்டும் தக்! டும்… டும்டும் தக்!

ரதீஸ்: ஆ, நல்லாரிக்கே! நிப்பாட்டாதீங்க! துவக்க இறக்கிற்றான்… சிரிக்கான்… அக்கா, தலைய ஆட்டுறான்! மத்தவனையும் கூப்பிட்டுக் காட்டுறான்!

மேர்சி: டும்டும் தக்! ஏன் ரதீஸ் தோணிய ஆட்டுற?

ரதீஸ்: நான் ஆட்டல்லையே.

அருமைநாயகம்: ஹூம்… ஹூ… ஹூம்…

மேர்சி: அங்கிள்? அங்கிளுக்கு வலிப்பு!

ரதீஸ்: வலிப்பா? அந்தக் கையப் பாருங்க. கண்ணப் பாருங்க. அக்கா, நான் பிறந்த நாள்ல இருந்து சடங்கு பாக்கிறவன். இது வலிப்பில்ல.

அருமைநாயகம்: ஹூம்! ஆரடா! ஆரடா எண்ட வாசல்ல! வேப்பிலை எங்கடா!

மேர்சி: வேப்பிலையா?

ரதீஸ்: அம்மாள் வந்திற்றா! அடிக்கிறத நிப்பாட்டுங்க!

மேர்சி: நிப்பாட்டினா அவன் சுடுவான்!

ரதீஸ்: அடிச்சா இவர் கவிழ்ப்பார்!

மேர்சி: இரு… போறான்! கையக் காட்டிற்றுப் போறான்! நிப்பாட்டிற்றன்!

ரதீஸ்: தாயே, குளிருங்க தாயே… தண்ணி அள்ளுங்க அக்கா, தலையில ஊத்துங்க! மஞ்சத்தண்ணி இல்லம்மா, கோபிக்கப்படாது, வாவித் தண்ணிதான் இரிக்கு… இன்னம் ஊத்துங்க!

அருமைநாயகம்: ப்பூ… ப்பூ… உப்பு… போதும். போதும் பிள்ள. …நான் என்ன சொன்னன்?

ரதீஸ்: வேப்பிலை கேட்டிங்க.

அருமைநாயகம்: …வேற?

ரதீஸ்: வேற ஒண்டுமில்ல. அதுக்குள்ள அக்கா ஊத்திற்றா.

மேர்சி: அங்கிள்… நீங்க ஆரு?

அருமைநாயகம்: ஜெபவீட்டுல ஒருத்தருக்கும் சொல்லப்படாது. மாங்கேணிப் பக்கம் காளி கோயில்ல தெய்வமாடினவன் நான். மீசை முளைக்க முதலே தொடங்கின. பறை விழுந்தா வருவா. ஊர் முழுக்க வந்து கைகட்டி நிண்டு கட்டுக் கேக்கும்.

மேர்சி: கட்டா?

ரதீஸ்: வாக்கு, அக்கா. நடக்கப் போறதச் சாமி சொல்றது. …பெரிய ஆள்தான் நீங்க அண்ணன்! இவ்வளவு நேரமும் எனக்கிட்ட பூக்கண்டுக் கதை சொன்னீங்களே!

அருமைநாயகம்: பெரிய ஆள்தான். கடல் வந்த வருஷம் ஆடிச் சடங்கிலயும் சொன்னன். இந்த வருஷம் ஊருக்கு ஒரு குறையும் வராது எண்டு. இந்த வாயாலதான் வந்தது. கேட்டவங்கள்ல பாதிப் பேர் இல்ல. மிச்சப் பாதிக்கு எப்பிடி மகள் முகத்தக் காட்டுற? இங்க நாவற்குடாவுக்கு வந்தன். ஜெபவீட்டுல கீபோட்டும் கைதட்டலும்தான். பறையில்ல, உடுக்கில்ல. இனி ஒண்டும் என்னில ஏறாது எண்டு நிம்மதியா இரிந்தன். கொண்டெயினர் வந்திச்சு.

மேர்சி: அப்ப சாத்தான்? தலைகீழ்க் கசெற்? வெள்ளைக்காரன்ட பூக்கண்டு?

அருமைநாயகம்: எல்லாம் பாஸ்டர் தந்த கையேட்டுல இரிந்தது. எனக்கு வசதியாப் போச்சு.

ரதீஸ்: அக்கா, அழுறீங்களா சிரிக்கிறீங்களா?

மேர்சி: தெரியல்ல தம்பி. …அங்கிள், நாளையிண்டைக்கு டிரம் அடிக்கத்தான் போறம். நீங்க வேணுமெண்டா வெளியில நில்லுங்க.

அருமைநாயகம்: வெளியில நிக்க ஏலாது. எனக்கும் போனவங்க இரிக்காங்க. அவங்கட பேர் சொல்லக்குள்ள உள்ளுக்கு நிக்கணும்.

மேர்சி: அப்ப காதுக்குப் பஞ்சு வைங்க. எனக்குப் பக்கத்துல இருங்க. வந்தா வரட்டும். ஒரு கையால கீபோட், மத்தக் கையால உங்களப் பிடிச்சுக்கொள்றன்.

அருமைநாயகம்: மீறி ஆடினா?

மேர்சி: ஆடுங்க. டினுஷா இரிந்தா எழும்பி உங்களோட சேர்ந்து ஆடியிருப்பாள்.

ரதீஸ்: அப்ப திருப்புறன்! அண்ணன், இந்த முறை முன்னுக்கு வலிங்க!

அருமைநாயகம்: வலிக்கிறன் மனே.

மேர்சி: இரு, இரு… பாஸ்டருக்கு என்ன சொல்ற? வந்து டிரம்மக் கண்டா விடுவாரா? அவருக்கும் இதெல்லாம் தெரிஞ்சா உங்கள ஜெபவீட்டுப் படிய மிதிக்க விடமாட்டாரே.

அருமைநாயகம்: அவருக்குத் தெரியும்.

மேர்சி: தெரியுமா! எப்ப இருந்து?

அருமைநாயகம்: செவ்வாய்க்கிழமை சதீஸ் தனியப் பழகினான். நானும் பாஸ்டரும் பின்னறையில கதிரை அடுக்கிக்கொண்டு நிண்டம். வந்திற்று.

ரதீஸ்: பாஸ்டருக்கு முன்னாலயா!

மேர்சி: ஐயோ! என்ன செஞ்சார்? பேய் ஓட்டினாரா? எண்ணெய் பூசினாரா?

அருமைநாயகம்: அறைக் கதவப் பூட்டினார்.

ரதீஸ்: மறுகா?

அருமைநாயகம்: மறுகா எண்ட காலடியில முழங்கால்ல இரிந்து, தன்ட கனடா விசா எப்ப வரும் எண்டு கேட்டார்.

மேர்சி: …நீங்க என்ன சொன்னீங்க?

அருமைநாயகம்: தை மாசம் எண்டனாம். அவர் பெட்டி கட்டிற்றார்.