லோவ்ரியின் மிக மோசமான நாள்

பிஸ்கட்டுக்கு நன்றி, மேடம். இஞ்சி பிஸ்கட் எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் கொடுப்பதை வேண்டாம் என்று தள்ளிப் பழக்கமில்லை. வக்கீல் என்னைப் போலீசிடம் வாயைத் திறக்காமல் இருக்கச் சொன்னார். நல்ல பையன்தான், டைதான் கோணலாகக் கட்டியிருக்கிறான். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் அவசரப்படுத்தாமல் கேட்டால் முதலிலிருந்து சொல்கிறேன்.

லோவ்ரி என் ஒரே மகள். மூன்று வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. அவள் அப்பா கெதின் இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்தான். பிறகு அபர்டீனுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு ஒரு வாசல் தெரிந்தது, போனான். எனக்கு இருந்தது ஒரு மாடிப்படியும் அதன் உச்சியில் தூங்கும் குழந்தையும்தான். ரொட்டிக் கடை வேலையை விட்டேன். அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த உதவித்தொகையிலும், அவளைப் பார்த்துக்கொள்வதற்காக எனக்குக் கொடுத்த சிறு தொகையிலும் வீடு நடந்தது. அவள் கட்டில் கிரீச்சிட்டால் எழுந்துவிடுவேன். சினிமா கிடையாது, கல்யாண வீடு கிடையாது, கடற்கரை கிடையாது. மூச்சுமுட்டியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூச்சுமுட்டலுக்குள் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

லோவ்ரிக்கு இந்த வருடம் பதினாறு. பதினாறு வயதானால் பிள்ளை, பிள்ளை இல்லை என்பது நம் சட்டம். பழைய உதவித்தொகை நின்றுவிடும். பெரியவள் என்று புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பணமும் அவள் பெயருக்கே போகும். அவளால் தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாது என்று அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்துச் சொன்னால்தான் அது அம்மா பொறுப்பில் இருக்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சின்ன தேவாலயமான சேப்பலின் கூடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடுவோம். புதிதாக வருகிறவளுக்கு முதலில் தேநீர் கொடுப்போம், அடுத்தது ஒரே புத்திமதி: பிள்ளையின் மிக மோசமான நாளை எழுது. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். நல்ல நாளை எழுதினால் கையை விரித்துவிடுவார்கள். கூட்டத்தை நடத்தும் பெரில் சிரித்துக்கொண்டே சொல்வாள்:

"நல்ல நாளா? அத அலமாரில வச்சுப் பூட்டுடி. ஆபீஸ்காரன் போனப்புறம் எடுத்துக்கலாம்."

எங்கள் வீட்டில்தான் சிக்கல். மோசமான நாள் தீர்ந்துபோயிருந்தது. புது மாத்திரை கொடுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்கும் மேலாக லோவ்ரிக்கு வலிப்பே வரவில்லை. பெண் உருமாறிவிட்டாள். சனிக்கிழமைகளில் ஒரு சிற்றுண்டிக் கடையில் பாத்திரம் கழுவப் போனாள், கொஞ்ச நாளில் அவர்களுக்கு சூப் வைத்துக் கொடுத்தாள். செப்டம்பரில் கார்டிஃப் பக்கம் சமையல் கல்லூரி, அங்கேயே விடுதி. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது. எது கூட என்று நான் எடை போட்டுப் பார்க்கவில்லை.

நான் எழுதிய விண்ணப்பத்தை அவள் படித்துவிட்டாள். தானாகச் சாப்பிட முடியாது, துணையில்லாமல் தெருவைக் கடக்க முடியாது, ஆள் பக்கத்தில் இல்லாமல் குளிக்க முடியாது. எல்லாம் ஒரு காலத்தில் நடந்தவைதான்.

"இது யாரும்மா?" என்றாள்.

"நீதான்."

"நான் இப்படியா இருக்கேன்? அந்த ஆபீசர் வரட்டும், நானே பேசுறேன். எனக்கு வாய் இருக்குல்ல."

"வாய்க்கென்ன குறைச்சல், ஊருக்கே போதும்" என்றேன். இருவரும் சிரித்தோம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவிருந்ததில்லை.

பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. மோசமான நாளை எழுதி அனுப்பிவிட்டு, வருகிற மனிதரிடம் நல்ல நாளைக் காட்டினால் நான் எழுதியது பொய்யாகிவிடும். அதை உண்மையாக்குவது ஒன்றுதான் நாணயமான வழி என்று பட்டது. அவள் மாத்திரை டப்பாவை வாராவாரம் நிரப்புகிறவள் நான். அதே வெள்ளையில், அதே அளவில் சத்து மாத்திரை கிடைக்கிறது. வலிப்பு மாத்திரையை எடுத்துவிட்டு அதைப் போட்டு வைத்தேன். குழந்தையிலிருந்தே என் கையால் வாங்கி விழுங்கிப் பழகியவள், எதையும் உற்றுப் பார்க்க மாட்டாள்.

அதிகாரி பென்ஃபோல்டு இளைஞர், கூச்ச சுபாவம். அவருக்காக லோவ்ரி அடுப்புக் கல்லில் வெல்ஷ் கேக் சுட்டுக்கொண்டிருந்தாள். ஏப்ரன் கட்டி, முடியைத் தூக்கி முடிந்து, கல்லூரியைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவரும் தலையாட்டிக் கேட்டார். பேச்சு பாதியில் நின்றது, அவள் கண் மேலே போனது. விழும்போது மணிக்கட்டு கல்லில் பட்டுக் கொஞ்சம் தோல் உரிந்தது. பென்ஃபோல்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, காதில் பேசிக்கொண்டே இருந்தேன். எனக்குக் கைவந்த வேலை அது. போகும்போது அவர் என் கையைப் பிடித்து, உங்களைப் போன்ற தாய் கிடைத்தது அவள் பாக்கியம் என்றார். அந்த மாதிரி ஒரு வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை, மேடம்.

லோவ்ரி எழுந்ததும் அழுதாள்.

"அவர் ஒரு கேக்குகூட சாப்பிடலம்மா."

"போறாரு விடு, கண்ணு. நாம சாப்பிடலாம்."

சாப்பிட்டோம்.

மே மாதம் உதவித்தொகை உறுதியாயிற்று, என் பொறுப்பிலேயே. சேப்பல் கூடத்தில் பெரில் எனக்காகக் கேக் வெட்டினாள்.

நீங்கள் நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்கிறீர்கள். எல்லாம் கைக்கு வந்த பிறகும் ஏன் பழைய மாத்திரையைத் திரும்ப வைக்கவில்லை? வைக்கத்தான் நினைத்தேன். அந்த வாரம் பார்த்து அவள் பெட்டி வாங்கி வந்தாள். பழைய பொருள் கடையில் வாங்கிய சிவப்புப் பெட்டி, சக்கரம் ஒன்று சுற்றாது. அதை நடைவழியில் வைத்துத் தினமும் ஏதாவது ஒன்றை மடித்துப் போடுவாள். வலிப்பு மறுபடி வந்துவிட்டதே, எப்படிப் போவாய் என்று கேட்டேன்.

"வந்தா வரட்டும். அங்கயும் மனுசங்கதானம்மா இருக்காங்க. பாத்துக்குவாங்க."

டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார், பாவம். கூட்டியதற்கும் நான் சத்து மாத்திரையே வைத்தேன். இரண்டு மூன்று தடவை நன்றாக விழுந்தால் அவளாகவே வேண்டாம் என்பாள் என்று பார்த்தேன். ஆனால் அவள் விழுந்து எழுந்து மறுபடி மடித்தாள். அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகஸ்டு மாதம் ஒருநாள், குளிக்கப் போனாள். அவள் குளியல் தொட்டியில் இருக்கும்போது நான் வெளியே நாற்காலி போட்டு உட்காருவது வழக்கம்.

"கீழ போம்மா. விடுதில யாரு வந்து உக்காரப் போறா? நான் பழகிக்கணும்."

அவள் கேட்டுக்கொண்டபடி கீழே போனேன். வளர்ந்த பெண் சொல்வதை மதிக்க வேண்டும் என்று நீங்கள் எல்லோரும்தானே சொல்கிறீர்கள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம்தான். பிறகு தண்ணீர் அலைகிற சத்தம், பிறகு அதுவும் இல்லை. கையிலிருந்ததை உரித்தேன். பாத்திரத்தில் மிச்சமிருந்ததையும் உரித்து, தண்ணீர் ஊற்றி மூடிவைத்துவிட்டு மேலே போனேன்.

அவள் ரத்தத்தில் மருந்தே இல்லை என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்ததாகச் சொன்னீர்கள். சரிதான். மாத்திரையை மாற்றியது நான். சத்தம் கேட்டும் போகாமல் இருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மூளைக்கு நெடுநேரம் காற்றுப் போகவில்லை, இனிப் பேச்சு வராது, நடை வராது என்கிறார்கள். டாக்டர்கள் எதையும் பெரிதாகத்தான் சொல்வார்கள். நீங்கள் வந்து என்னை அழைத்துப்போகும்வரை நான்தான் அவளுக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்தேன், முடியைப் பின்னிவிட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எங்களுக்குள் அப்படி ஓர் அமைதி இருந்ததே இல்லை. மேடம், நான் அவளைப் புரிந்துகொள்ளவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அன்றிலிருந்து அவள் ஒரு தடவைகூட என்னை விட்டுப் போகிறேன் என்று சொல்லவில்லை.