கடைசி பஸ்ஸுக்காக விட்ட கிளைமாக்ஸ்

நாகலூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் வயசான புருசன் பொண்டாட்டி. அந்தம்மா நெளிந்துகொண்டே இருந்தார்.

“ஏனுங்க, அந்த இந்திப் படத்துல கொலை செஞ்சது டாக்டர் இல்லீங்களே!”

“அன்னிக்குச் சேலத்துல கடைசி பஸ்ஸைப் புடிக்கப் பாதியிலயே ஓடியாந்துட்டம். நேத்துதான போன்ல முழுசாப் பாத்தம்?”

“இத்தனை வருசமா டாக்டரைத் திட்டிட்டு இருந்தனுங்க. கடைசில பாத்தா, புருசன்காரனே பொண்டாட்டி காப்பியில வெசம் வச்சிருக்கான்!”

“சினிமாதான, விடு.”

“கல்யாணமானதுல இருந்து அடுப்படிக்கே வராதவரு, இன்னிக்கு எதுக்குங்க எனக்குக் காப்பி போட்டீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அவன் காப்பி கொண்டாந்து குடுத்தப்ப அந்தப் புள்ள மொகத்துல எத்தனை சந்தோசம்! நான் ஒருநாளும் உனக்குக் குடுக்கலியேன்னு நொம்பச் சங்கடமாப் போச்சு. நல்லா இருந்துச்சா?”

அந்தம்மா முந்தானையை முறுக்கினார்.

“ரோஜாச் செடிக்கு ஊத்திட்டனுங்க.”