கேப்டனின் கடைசி அம்பு

சுலைமானித் தேநீருக்கு நன்றி, ஆபீசர். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் இந்த ஏசிக் குளிருக்கு இதமாக இருக்கிறது. அரபியில் மொழிபெயர்க்க வந்திருக்கும் ஆதித்யா தம்பிக்கு ஒரு வேண்டுகோள். நான் சொல்வதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கேட்கிறவர் மனம் கோணாமல் வளைத்துச் சொல்வது இந்த ஊரில் நம் ஆட்களுக்குப் பழகிப்போன விஷயம். இன்று ஒருநாள் அதை விட்டுவிடுங்கள்.

என் பெயர் செய்கு அலாவுதீன். ஊர் கீழக்கரை. ஷார்ஜாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் மதாம் ஊருக்குப் போகும் வழியிலுள்ள பண்ணையில் என் அம்பு பட்டு என் மனைவியின் தம்பி ராஜிக் இறந்துபோனான். விபத்து என்று போலீஸில் நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். அவனுக்கு உம்மா வாப்பா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. வாரிசு என்று இருப்பது என் மனைவி ஷம்சாத் ஒருத்திதான். என்னை மன்னித்துவிட்டதாக நாளைக் காலையில் வந்து கையெழுத்துப் போடப்போகிறாள். போட்டுவிட்டால் என் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும், நான் பழையபடி கடையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். ஒரு பெண் விவரம் தெரியாமல் ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போடுவது தப்பு. அதனால்தான் யாரும் கூப்பிடாமலே வந்தேன்.

வில்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. பண்ணையில் கூடும் எங்கள் கிளப்பில் எய்வது டிவியில் காட்டுகிற, சக்கரமும் குறிபார்க்கும் கண்ணாடியும் வைத்த வில் கிடையாது. பழைய இங்கிலாந்துப் போர்வில். ஒரே மரத்தில் செதுக்கியது, ஆள் உயரம் இருக்கும். அம்பில் வாத்து இறகு கட்டி, பட்டு நூல் சுற்றியிருப்போம். நாணைக் காதுவரை இழுத்த கையோடு விட்டுவிட வேண்டும். நூறு ராத்தல் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று யோசிக்க மனிதனால் ஆகாது. என் கடைக்கு வந்துபோன ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் ஒரு வெள்ளிக்கிழமை என்னைப் பண்ணைக்குக் கூட்டிப்போனார். கம்பியும் ஆணியும் விற்கிறவனுக்கு எதற்கு இந்த ராஜா வேஷம் என்று தெருவே சிரித்தது. என்ஜினியர் ஊருக்குத் திரும்பியபோது என்னைத்தான் கேப்டனாக வைத்துவிட்டுப் போனார். மைதானத்தில் விசில் என்னிடம்தான் இருக்கும்.

விசில் வைத்திருப்பவனுக்கு ஒழுங்குதான் முக்கியம். அடுத்தவர் வில்லைக் கேட்காமல் தொடக்கூடாது. அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்துவிடக் கூடாது, அம்புக்குப் போக வேண்டிய வேகம் மரத்துக்குள்ளேயே திரும்பி வில் முறிந்துவிடும். விசில் ஊதாமல் அம்பு பொறுக்கப் போகக்கூடாது. மைதானத்தில் ஓடக்கூடாது. இவ்வளவுதான். ஒரு குழந்தைகூடக் கடைப்பிடிக்கலாம்.

ராஜிக்கை நான்தான் விசா எடுத்து அழைத்துக்கொண்டேன். ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் நான்தான். அவனைப் பிடிக்காதவர்கள் கிடையாது. எனக்கும் பிடிக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான், அவன் வந்தால்தான் ஷம்சாத் வாய்விட்டுச் சிரிப்பாள். வில்லிலும் அவனைச் சேர்த்துவிட்டேன். கை சீக்கிரம் படிந்துவிட்டது. ஒழுங்குதான் படியவில்லை. விசில் ஊதும் முன்பே கோட்டைத் தாண்டிவிடுவான். கொடியருகே மண்டியிட்டு, எவன் அம்பு கிட்டே விழுந்தது என்று சாண் போட்டு அளந்துகொண்டிருப்பான். பலமுறை கண்டித்திருக்கிறேன். “சரி மச்சான், சரி மச்சான்” என்பான், அடுத்த வாரமும் அதே கதைதான்.

என்னிடம் யூ மரத்து வில் ஒன்று இருந்தது. அந்த மரம் இங்கே கிடைக்காது. சொல்லிவைத்து, வெகுகாலம் காத்திருந்து, இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. இந்த வெயிலுக்கு அது தாங்காது என்று அதற்கென்று ஓர் அறையில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். “இந்த வீட்டுல பொண்டாட்டியா இருக்கிறதுக்கு வில்லா இருந்திருக்கலாம், கரண்டு பில்லாவது நம்ம பேர்ல ஓடும்” என்பாள் ஷம்சாத். வேடிக்கையாகத்தான் சொல்வாள்.

போன நோன்புப் பெருநாள் அன்று வீடு நிறைய விருந்தாளிகள். நான் அஸர் தொழுதுவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. மாட்டின் காலெலும்பை இறைச்சிக்கடைக்காரர் ஒரே வெட்டில் பிளக்கும்போது கேட்குமே, அந்த மாதிரி. உள்ளே போனால் ராஜிக் கையில் என் வில் இரண்டு துண்டாக இருந்தது. நண்பர்களுக்குக் காட்டுகிறேன் என்று வெறும் நாணை இழுத்து விட்டிருக்கிறான்.

“மன்னிச்சுக்குங்க மச்சான், கட்டைதானே, வேற வாங்கிடலாம்” என்றான். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்து, “மச்சானுக்கும் இனிமே இந்த வில்லு பாரம்தான். போன வாரம் இழுக்கையில கை என்னமா நடுங்குச்சு, நீங்கல்லாம் பாக்கலியே” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஷம்சாத்தும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அங்கேயே மன்னித்துவிட்டு, என் கையாலேயே அவனுக்குப் பிரியாணி பரிமாறினேன். கை நடுங்கியது என்று அவன் சொன்னது சரியில்லை. அவன் சொன்ன அந்த நாள் நான் நோன்பு பிடித்திருந்தேன், எனக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே வில்லுக்காக நான் இதைச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு சின்னப் புத்தி எனக்கு இல்லை. என் கவலையெல்லாம் அவனுடைய அவசரம்தான். இப்படிப்பட்டவன் என்றைக்காவது ஓர் அப்பாவியின் அம்புக்குக் குறுக்கே போய் விழுவான், அந்த அப்பாவி காலமெல்லாம் தூங்காமல் கிடப்பான். மைதானத்துக்குப் பொறுப்பானவன் இதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கோடை முழுக்க யோசித்தேன்.

எங்கள் ஆட்டங்களில் ஒன்று தொலைவு எய்தல். மணலில் நூற்றறுபது மீட்டருக்கு அப்பால் ஒரு கொடியை நட்டுவிடுவோம். அம்பை வானத்தைப் பார்த்து விட வேண்டும். அது மேலே ஏறி, வளைந்து, கொடிக்குப் பக்கத்தில் இறங்கும். வில்லைத் தூக்கினால் நம் கையே கொடியை மறைத்துவிடும், இலக்கு கண்ணுக்குத் தெரியாது. எல்லோரும் எய்து முடித்தபின் கேப்டன் ஒரே ஓர் அம்பு விடுவது எங்கள் வழக்கம். அது தரையில் விழும்வரை மற்றவர்கள் கோட்டுக்குப் பின்னால் நின்று வானத்தையே பார்த்திருப்பார்கள். அது விழுந்த பிறகுதான் விசில்.

குளிர் தொடங்கியதும் புது வில் ஒன்று வாங்கினேன். காலையில் பஜ்ர் தொழுதுவிட்டு நான் மட்டும் பண்ணைக்குப் போவேன். கொடியருகே, ராஜிக் மண்டியிடுகிற இடத்தில், ஒரு மணல் மூட்டையை வைத்துவிட்டு வந்து எய்வேன். ஆரம்பத்தில் மூட்டையைச் சுற்றித்தான் விழுந்தது. குளிர்காலம் பாதி போவதற்குள் பத்துக்கு ஏழு மூட்டைக்குள் இறங்கியது. காற்றில்லாத நாளில் ஒன்பது. இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

முனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொலைவு எய்தலுக்கு மழுங்கிய முனை போதும். பழைய போர்களில் இரும்புக் கவசத்தைத் துளைக்கவென்று ஆணி போல் நீண்ட, நாலு பட்டை வைத்த முனை ஒன்று இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை தகரத்தில் எய்து பார்க்க அதில் சிலவற்றைக் கிளப்பில் வைத்திருக்கிறோம். பண்ணையில் வேலை பார்க்கும் பழனிச்சாமியிடம் உரித்த ஆடு ஒன்றைக் கட்டித் தொங்கவிடச் சொல்லி, அந்த முனையைச் சோதித்தேன். விலாவில் நுழைந்தது, எலும்பில் நிற்காமல் மறுபக்கம் வந்தது. பழனிச்சாமி திண்டுக்கல் பக்கத்துக்காரர், எதையும் வீணாக்க மாட்டார். அன்று மத்தியானம் அந்த ஆட்டைக் குழம்பு வைத்தார், நானும் சாப்பிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காற்றே இல்லை. ஆட்டம் தொடங்கும் முன் ராஜிக்கை காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, “தோள் வலிக்குது, இன்னைக்குக் கடைசி அம்பு நான் விடல. யார்கிட்டயும் சொல்லாதே, வயசாயிடுச்சும்பானுங்க. உன் அம்பை விட்டுட்டு மணல் மேட்டைச் சுத்திப் போய்க் கொடிகிட்ட பாத்துக்கோ, நீதான் ஜெயிப்பே” என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “மச்சான்னா மச்சான்தான்” என்று என் தோளைப் பிடித்து அமுக்கிவிட்டான், வலிக்கிற தோள் என்று நினைத்து.

எல்லோரும் எய்து முடித்தார்கள். நான் வில்லோடு கோட்டுக்கு வந்தேன். பின்னால் பேச்சு அடங்கி, தலைகள் வானத்துக்கு உயர்ந்தன. மணல் மேட்டுக்குப் பின்னாலிருந்து ராஜிக் வெளியே வந்தான். கொடியருகே மண்டியிட்டு, குனிந்து, சாண் போட ஆரம்பித்தான். எதிர்ப்பக்கத்தில் அம்பு விழும் இடத்தைக் குறிக்க நின்றிருந்த பழனிச்சாமி சிவப்புக் கொடியைத் தூக்கினார். அதையும் பார்த்தேன். விசில் என் பல்லுக்கிடையில்தான் இருந்தது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மூச்சை உள்ளே வாங்கி, நாணைக் காதுவரை இழுத்து, விட்டேன்.

அம்பு இறங்க நாலைந்து விநாடி ஆகும். அந்த நேரம் மிகவும் அமைதியாக இருந்தது.

இடது தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் நுழைந்தது. இறகுவரை உள்ளே போய்விட்டது. அவன் கொடிக்கம்பைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தான், கம்பு பிடுங்கிக்கொண்டு அவனோடு சாய்ந்தது. மற்றவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். மைதானத்தில் ஓடக்கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும் யாருக்கும் நினைவிருப்பதில்லை. நான் வில்லின் நாணைக் கழற்றி, உறையில் வைத்துவிட்டு, நடந்தே போனேன்.

அவனுக்கு உயிர் இருந்தது. வாயில் ரத்தம் நுரைத்தது, கால்கள் மணலை உதைத்துக் குழி பறித்திருந்தன. என்னைப் பார்த்ததும் என் சட்டையைப் பிடித்து, “மச்சான், நீங்கதானே விடலன்னு…” என்றான். சுற்றி நின்றவர்கள் அதை மரண வேதனையில் உளறுவதாக எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு முறை சொன்னால் யாராவது காது கொடுத்துக் கேட்கக்கூடும்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலுதவி வகுப்பு எடுப்பது நான்தான். பட்ட அம்பை எக்காரணம் கொண்டும் பிடுங்காதே என்பதுதான் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். முழங்காலை அவன் நெஞ்சில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினேன். ரத்தம் என் தாடிவரை அடித்தது. அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. பாவம், பதற்றத்தில் மச்சான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்துவிட்டார் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. எனக்குப் பதற்றம் இல்லை.

அதன்பின் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். முனை மாறியிருந்ததைக் கேட்டீர்கள், அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டேன் என்றேன், நம்பினீர்கள். அபுதாபியிலிருந்து வில்வித்தை நிபுணர் ஒருவரை வரவழைத்தீர்கள். அந்தத் தூரத்தில், அந்த வில்லில், ஓர் ஆளைக் குறிவைத்து அடிக்க யாராலும் முடியாது, இது முழுக்கத் தற்செயல் என்று அவர் சொன்னார். என் எதிரிலேயே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. பழனிச்சாமி வேறு, “கொடிய நான் இன்னும் வெரசாத் தூக்கியிருக்கணும் சார், எம்மேலதான் தப்பு” என்று அழுதுகொண்டே இருக்கிறார். அவரைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். கிளப்பில் விசிலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். “ஆனைக்கும் அடி சறுக்கும் பாய், மனசுல வச்சுக்காதீங்க” என்று முதுகைத் தட்டினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஷம்சாத்தை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. தம்பியைக் குளிப்பாட்டிக் கபன் துணியிட்டு அடக்கம் செய்த அன்று சாயங்காலம், அழுது வீங்கிய முகத்தோடு எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். “அவன் எப்பவும் அவசரக்குடுக்கைதானே. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல” என்றாள். பிறகு என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். நோயாளியின் கையைத் தடவுவது போலத் தடவினாள். “கைதான் தவறிடுச்சு. இந்தக் கை நடுங்குறது எனக்குத் தெரியாதா? அன்னைக்கே உங்கள வில்லு வேண்டாம்னு நான் தடுத்திருக்கணும்” என்றாள். அன்றிலிருந்து தினமும் இதையே சொல்கிறாள். சோற்றைப் பிசைந்து தருகிறாள். தேநீர் டம்ளரைக்கூட என் கையில் கொடுக்காமல் மேசையில் வைக்கிறாள், சிந்திவிடுமாம்.

நாளைக்கு அவள் வருவாள். கையெழுத்துப் போடும் முன் அவளை உட்காரவைத்து, நான் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். அவள் என்னை மன்னிக்க வேண்டாம். நான் குறிவைத்த இடத்திலிருந்து அம்பு இரண்டு விரற்கடைகூட விலகவில்லை என்பதை மட்டும், தம்பி, அவளுக்குத் தமிழிலேயே புரியும்படி சொல்லுங்கள்.