நம்பருக்குப் பின்னால் நட்சத்திரம்

எங்கள் சந்தில் முதன்முதலில் தொலைபேசி வந்தது என் வீட்டுக்குத்தான். பதினொரு வீட்டுக்காரர்கள் என் நம்பரைத்தான் தங்கள் நம்பர் என்று ஊரெல்லாம் கொடுத்திருந்தார்கள். யாருக்கு அழைப்பு வந்தாலும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கூப்பிட்டு வருவேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சங்கத்தின் விசாரணைக் குழு முதலில் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1999இல் நம் ரத்ததான சங்கத்துக்காக ‘துளி’ என்ற மென்பொருளை எழுதினேன். எந்த ரத்த வகை வேண்டும் என்று கேட்டால், கொடுப்பவர்களின் பெயரையும் நம்பரையும் திரையில் காட்டும். மாநகராட்சியில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே நானாகப் படித்து எழுதியது. 2001இல் அதைத் திறமூலமாக இணையத்தில் விட்டேன். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், எடுக்கலாம், மாற்றலாம். அறிவு எல்லோருக்கும் பொது என்று மேடையில் பேசினேன். நீங்கள் பொன்னாடை போர்த்தினீர்கள்.

ஏழு ஊர்க்காரர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவராலும் ஒரு மாதத்துக்கு மேல் ஓட்ட முடியவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், சொல்வேன். மறுபடி கேட்பார்கள், மறுபடி சொல்வேன். பிறகு ஓய்ந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பொறுமை போதவில்லை.

2003இல் நௌஷிதா சங்கத்தில் சேர்ந்தாள். கலூரில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பவள். வந்த வாரமே கேட்டாள்:

“சேட்டா, மூணு பக்கம் எழுதித் தந்தா போதும். எதை அமுக்கணும், எதைத் தொடக் கூடாதுன்னு. நீங்க ஒரு நாள் இல்லாட்டி நாங்க என்ன செய்யட்டும்?”

“நான் எங்கே போகப்போறேன்?”

“பழனிக்குப் போக மாட்டீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு, துளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும், கற்பனையாகப் பத்துப் பேரின் விவரம் கொடுங்கள் என்றாள். இங்கே ஒரு சின்ன விஷயம். துளி ஆளை அடையாளம் காண்பது நம்பரை வைத்துத்தான். ஒரே நம்பரில் இரண்டு பேர் இருந்தால் இருவரையும் ஒருவராக்கிவிடும். முதல் ஆளின் பெயர் நிற்கும், கடைசி ஆளின் ரத்த வகை நிற்கும். அதனால் ஒரே நம்பரில் இரண்டாவது ஆளுக்கு நம்பரின் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவேன். மூன்றாவது ஆளுக்கு இரண்டு. என் சந்தில் கடைசி ஆளுக்குப் பத்து. இதை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்தால் அப்புறம் நான் எதற்கு?

அவளுக்குக் கொடுத்த பத்துப் பேருக்கும் வெவ்வேறு நம்பராகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். சோதனை சுத்தமாகத் தேறியது. அவளே கைதட்டினாள்.

2004 ஜூன் பொதுக்கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். நான் எல்லோருக்கும் சாயா சொல்லப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் துளியை நௌஷிதாவிடம் ஒப்படைப்பதாகக் கை தூக்கி முடித்திருந்தீர்கள். எனக்கு ‘ஸ்தாபகர்’ என்று பட்டம். தலைவர் வெங்கிடேஸ்வரன் என் முகத்தைப் பார்க்காமல் சாயாவை எடுத்துக்கொண்டார். ஐந்து வருஷம் என் தோளில் கை போட்டு நடந்தவர். அன்று வாங்கிய சாயாவுக்கு நன்றிகூட ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நௌஷிதா கூப்பிட்டாள். “சேட்டா, நிறைய நம்பர்ல நட்சத்திரமாக் கிடக்கு. கைப்பிழையா? நம்பர்னா நம்பர் மட்டும்தானே இருக்கணும், துடைச்சிரட்டுமா?”

“இப்போ பொறுப்பு உங்கிட்ட. உனக்குத் தோணுறதைச் செய். எல்லாம் திறந்துதான் கிடக்குது, வாசிச்சுக்கோ.”

துளியின் நிரல் நாலாயிரம் வரி. அவள் துடைத்துவிட்டாள்.

செப்டம்பரில் அவள் அக்கா லதீஃபாவுக்குப் பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் தேவைப்பட்டது. துளி இரண்டு பேரைக் காட்டியது. ஒருவர் தேவராவிலிருந்தும் இன்னொருவர் வைப்பினிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். பரிசோதித்தால் இருவரும் வேறு வகை. அதற்குள் இரண்டு மணி நேரம் போயிருந்தது. நௌஷிதாவின் தம்பி ரயீஸ் என் அலுவலகத்துக்குக் கூப்பிட்டான்.

“சேட்டா, லிஸ்ட் முழுக்கத் தப்பு. உங்க ஞாபகத்துல ஓ நெகட்டிவ் ஆராவது உண்டா? அக்காவுக்கு முடியல, சேட்டா.”

“ஞாபகத்துலேருந்து சொல்றது முறையில்லை, ரயீஸ். லிஸ்ட்டை இன்னொரு தடவை பாருங்க” என்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஞாபகத்தை நம்பக் கூடாது என்றுதானே நௌஷிதா ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்?

காளி அப்போது என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துப்புரவுப் பிரிவு, என் சந்துக்காரர். விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வந்தவர். பதினொரு வீட்டில் முதலில் பதிவு செய்தவர் அவர்தான். ஓ நெகட்டிவ். நட்சத்திரங்கள் போனதும் துளியில் அவர் பி பாசிட்டிவ் ஆகியிருந்தார்.

“ஆரு சாரே விளிச்சது? ரத்தத்துக்கா? நான் போகட்டா?”

“லிஸ்ட்ல உன் பேர் வந்தா விளிப்பாங்க, காளி.”

“வராம இருக்குமா? வருஷம் ரெண்டு தடவ கொடுக்குற ஆளாக்கும்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

லதீஃபா சாயங்காலம் போய்ச் சேர்ந்தாள். குழந்தை பிழைத்துக்கொண்டது, அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. துடைத்தது தன் கைதான் என்று நௌஷிதா இன்றுவரை அழுகிறாளாம். அவளை நான் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. காளிக்கு இன்னும் தெரியாது.

நட்சத்திரத்தின் பொருள், போடும் முறை, எடுத்தால் என்ன ஆகும் எல்லாவற்றையும் இதில் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட்டேன். துளிக்கு இதுதான் முதல் ஆவணம். நௌஷிதா கேட்டது மூன்று பக்கம். சரியாக மூன்று பக்கத்தில் முடித்து, பக்க எண்ணும் போட்டிருக்கிறேன். அவளிடம் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பேன்.