பாலத்துக்கு வந்த உத்தரவு

— மறுபடி கேளு, தால்-கூன். எதிர்க்கட்சிக்காரன் மாதிரியே கேளு. என் செயலாளர் மாதிரி இழுக்காதே.

— சரிங்க ஐயா. "ஜெனரல் யாங் அவர்களே! நாட்டுக்குப் பிரதமரா வரப்போறீங்க. போர் நேரத்துல, அகதிங்க வந்துக்கிட்டிருந்த பாலத்தை வெடி வெச்சுத் தகர்க்கச் சொன்னது யாரு?"

— கர்னல் மா. ரேடியோவுல உத்தரவு போட்டாரு. அப்ப நான் கேப்டன், நிறைவேத்தினேன். அடுத்தது.

— "பாலத்து மேல எத்தனை பேரு?"

— முன்னூறு. நானூறும் இருக்கலாம். ஒரே மூடுபனி. அடுத்தது... என்னடா, நிறுத்திட்டே? பத்து மணிக்கு நாடாளுமன்றம். வண்டி வாசல்ல நிக்குது.

— வந்து... ஐயா, இந்தப் பதிலை இன்னிக்குச் சொல்லாதீங்க.

— இருபத்தஞ்சு வருஷமா இதைத்தானே சொல்றேன்? இதைச் சொல்லித்தான் ஜெனரல் ஆனேன், மந்திரி ஆனேன். இன்னிக்கு என்ன புதுசா?

— இந்தப் பதிலாலதான் கர்னல் சிறைக்குப் போனாரு, அங்கயே செத்தாரு, ஐயா. "நான் அப்படிச் சொல்லவே இல்லை"ன்னு கத்திக் கத்தியே செத்தாரு.

— மாட்டிக்கிட்டவன் வேற என்ன கத்துவான்?

— போன வாரம் அவர் ஊருக்கு, தேகுவுக்குப் போயிருந்தேன். அவர் சம்சாரம் சந்தையில நூடுல்ஸ் விக்கிறாங்க. நான் யாருன்னு தெரியாம, "இளைச்சுட்டியேப்பா"ன்னு ஒரு கரண்டி கூட ஊத்துனாங்க. வந்து... கிண்ணத்தை அப்படியே வெச்சுட்டு எழுந்து வந்துட்டேன்.

— உனக்கென்னடா வந்துச்சு? அன்னிக்கு நீ வெறும் ரேடியோக்காரன்.

— அதான் ஐயா! உத்தரவைக் கேட்டது நான்தானே? "ஜனங்க கடந்து முடியட்டும், பொறு"ன்னாரு கர்னல். அக்கரையில எதிரி டாங்கி சத்தம். எனக்கு இருபது வயசு. பயத்துல உங்ககிட்ட "உடனே தகர்க்கச் சொல்றாரு"ன்னு மாத்திச் சொல்லிட்டேன்.

— மெதுவாப் பேசு.

— முடியாது. இன்னிக்குச் சபையில வந்து நானே சொல்லிடறேன். என்னை நம்பினது தவிர நீங்க என்ன தப்பு பண்ணீங்க? உங்களுக்கு எந்தக் களங்கமும் வராது. என்னைத் தூக்குல போடட்டும்.

— கதவைச் சாத்து. இப்படி உக்காரு.

— சாத்திட்டேன். சொல்லுங்க ஐயா.

— அன்னிக்கு அதைச் சொன்ன கையோட நீ புதர்ப்பக்கம் வாந்தி எடுக்க ஓடினே. ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— அப்ப கர்னல் மறுபடி கூப்பிட்டாரு. ரேடியோவை நான் எடுத்தேன். "பொறு"ன்னு என்கிட்டயே சொன்னாரு. "உத்தரவு, ஐயா"ன்னேன். அதுக்கப்புறம்தான்டா நான் விசையை அழுத்தினேன்.