எட்டாவது தடம்

என் மனைவி ஐரீனின் ஓவனில் வெண்ணெய் கேக் நன்றாக வரும். நூற்றெண்பது டிகிரி, நாற்பது நிமிடம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பேர் அவளிடம் கேக்குக்குச் சொல்லிவைப்பார்கள். சூட்டில் ஒரு டிகிரி கூடக் குறைய இருக்காது. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு, அமீரா. போன மாதம் உங்கள் இசைத்தட்டு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் "ஓவன் பழுதாகியிருக்கலாம்" என்று குறிப்பிட்டிருந்தேன். கடிதத்தைப் படித்த நாளிலிருந்து ஐரீன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஓவனில் பழுது எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பழைய ஒலிநாடாவை ஓவனில் வைப்பது குற்றம் இல்லை. அது எங்கள் தொழிலில் வழக்கம். எழுபதுகளில் செய்த நாடாக்கள் இந்த ஊர் ஈரக்காற்றைக் குடித்துப் பிசுபிசுத்துப் போயிருக்கும். அப்படியே ஓடவிட்டால் பூச்சு உரிந்து இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐம்பத்து நான்கு டிகிரியில் எட்டு மணி நேரம் வாட்டி எடுத்தால் சில வாரங்களுக்கு நல்ல நாடாபோல ஓடும். அதற்குள் கணினியில் பதிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கோலாலம்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த இரண்டு சுருள்களையும் நான் அப்படித்தான் வாட்டினேன். முதல் முறை அப்படித்தான்.

'ஃபெரி பாய்ஸ்' குழுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1979இல் பினாங்குத் தமிழ்ப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து போட்ட ஒரே ஆல்பம், 'மேல்தளம்'. எட்டுப் பாட்டு. முந்நூறு இசைத்தட்டு அடித்தார்கள். இன்றைக்கு ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை என்பதால்தானே நீங்கள் மூல நாடாவைத் தேடி எடுத்தீர்கள். பாடியவர் ஜெயராஜ் அண்ணன். டிரம்ஸ் வாசு. கிட்டார் பெஞ்சமின், அவர் இப்போது இல்லை. பேஸ் கிட்டார் வாசித்தவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஐந்தாவது ஆள் நான். கையால் தட்டிக் குலுக்கும் டாம்பரின்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பதிவு முடிந்து தட்டு வந்ததும் போட்டுக் கேட்டேன். என் டாம்பரினைக் காணோம். ஜெயராஜ் அண்ணனிடம் கேட்டதற்கு, "அந்த மிஷின்ல எட்டாவது சேனல் கெட்டுப்போச்சு தம்பி. உன் நேரம் லா," என்றார். இயந்திரம் என்றால் கெடத்தான் செய்யும். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் தப்பியிருந்தேன். இரண்டாவது பாட்டில், ஜெயராஜ் அண்ணன் முதல் சரணத்துக்கு மூச்சு இழுக்கும் இடத்தில், 'சிலுக்' என்று ஒரு சத்தம். மிக மெல்லியது. அது நான். கல்யாணமான புதிதில் ஐரீனுக்குப் போட்டுக் காட்டினேன். பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அவளே உட்காரவைத்து, "இப்ப வரும் பாருங்க, இப்ப வரும்," என்று விரலைத் தூக்கிக் காத்திருப்பாள். எங்கள் தட்டு அந்த ஒரு இடத்திலேயே தேய்ந்து, கடைசியில் வெறும் கரகரப்பாகி, குப்பைக்குப் போனது.

ஆகவே ஆல்பத்தைச் சுற்றொலியாக மாற்றும் இந்த வேலைக்கு நீங்கள் என்னைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமானது என்றே நினைத்தேன். நாற்பது வருடம் கல்யாண மண்டபங்களுக்கு ஒலி அமைத்தவன். சுற்றொலிக்கென்றே வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு ஒலிபெருக்கி பூட்டியிருந்தேன். சுற்றி எட்டு, கூரையில் நான்கு. கேட்பவர் நடுவில் உட்கார்ந்தால், ஒவ்வொரு வாத்தியத்தையும் எந்த மூலையில் வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு சத்தத்தைத் தலைக்கு மேலே நடக்கவிடலாம். ஜெயராஜ் அண்ணனே செய்தி அனுப்பி, "கிளிஃப்கிட்டயே குடுங்க, அவன் நம்ம பையன்," என்று உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். எனக்குக் கண் கலங்கியது.

அவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது காற்றுதான் வரும், குரல் வராது. தெரியாதவர்களிடம் பேச வேண்டுமென்றால் போனில் தட்டச்சு செய்து காட்டுவார். அவரிடம் இருந்த தட்டு 2017 வெள்ளத்தில் போய்விட்டது. பேத்தி ரூபினி பிறக்கும் முன்பே பாடுவதை நிறுத்தியிருந்தார்; அவள் அவர் பாடிக் கேட்டதே இல்லை. அவர் குரல் மிச்சம் இருந்தது அந்த இரண்டு சுருளில் மட்டும். இதையெல்லாம் நான் அறிந்தே இருந்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்தபோது மூடியின் உட்புறத்தில், தனித்தனியாகப் பதிந்த எட்டுத் தடங்களின் பட்டியல் இருந்தது. ஜெயராஜ் அண்ணனின் கையெழுத்து, பென்சிலில். ஒன்று டிரம்ஸ், இரண்டு பேஸ், இப்படிப் போய், கடைசியில்: "8. கிளிஃப். போடாதே."

சேனல் கெடவில்லை. எட்டாவது தடத்தைத் தனியாக ஓடவிட்டேன். முழு ஆல்பத்துக்கும் நான் இருந்தேன். சுத்தமாக, ஒரு கீறல்கூட இல்லாமல்.

அடுத்து, இரண்டாவது பாட்டின் அந்த 'சிலுக்'கைத் தேடினேன். என் தடத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு தடமாகக் கேட்டதில் அது கிட்டார் தடத்தில் அகப்பட்டது. பெஞ்சமின் அப்போது பட்டர்வொர்த்தில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறைச் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டியபடியே வாசிப்பார். திரும்பி நின்றிருக்கிறார், குலுங்கியிருக்கிறது.

ஐரீன் தேநீரோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாப்பது வருஷமா சாவிக்காடா நான் விரலத் தூக்குனேன்," என்றாள். அவள் என்னை 'டா' போட்டது அன்றைக்குத்தான்.

நான் கோபப்படவில்லை. கோபத்தில் வேலை செய்பவனுக்குக் காது சரியாக இருக்காது. செய்தது ஒன்றுதான். சாவிச் சத்தத்தைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் என் டாம்பரின் தடத்திலிருந்து ஒரு தட்டலை எடுத்து வைத்தேன். நாற்பது வருடமாக விருந்தாளிகளிடம் சொன்னது இப்போதாவது உண்மையாகட்டும் என்றுதான்.

ஒன்று வைத்த பிறகு, மற்றதையும் வைக்காமல் விடுவது முறையாகப் படவில்லை. எட்டாவது தடத்தைப் பின்பக்கம் வலது மூலையில் மெல்லத் திறந்தேன். அப்போதுதான் ஒரு குறையைக் கவனித்தேன். மற்ற எல்லாரும் தாமதமாக வாசித்திருந்தார்கள்.

அதிகம் இல்லை. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, சில இடங்களில் இரண்டு பங்கு. ஆனால் எட்டுப் பாட்டிலும் அப்படி. டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் என்னைவிடப் பின்தங்கி, அதுவும் ஒன்றாகப் பின்தங்கி வந்தன. அந்தக் காலத்தில் இதைக் கண்டுபிடிக்க வசதி இல்லை. கணினியில் கோடு கோடாகத் தெரிந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து அவர்கள் ஒவ்வொருவரையும் வெட்டி, இழுத்து, என் தாளத்தோடு சேர்த்தேன். வாசுவை மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் இடங்களில் திருத்த வேண்டியிருந்தது. நல்ல மனிதர், ஆனால் கவனம் போதாது.

அடுத்த சிக்கல் ஜெயராஜ் அண்ணனின் குரல். அவருக்குச் சகரம் அழுத்தமாக விழும். அந்தச் 'ச்ச்' ஒலியும் டாம்பரினின் சலங்கை ஒலியும் காதில் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். இது ஒலியியல், யாரையும் குறை சொல்லவில்லை. சகரங்களைக் கொஞ்சம் மழுக்கினேன். போதவில்லை. இன்னும் மழுக்கினேன். பிறகு குரலை முன்பக்கத்திலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் வைத்தேன். அங்கேயும் இடைஞ்சல். கடைசியில் கூரைக்குக் கொண்டுபோனேன். உயரமான இடம், மரியாதையான இடம்.

ஒருநாள் ஐரீன் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, ஜெயராஜ் அண்ணன் எங்க? பாத்ரூம்ல இருந்து பாடுறாரா?"

"அது ஆழம்," என்றேன்.

"ஆழமா இருக்கட்டும். கதவத் திறந்து விடுங்க லா, பாவம்."

ஒரு டாம்பரின் பன்னிரண்டு ஒலிபெருக்கிகளை நிரப்பாது. ஆகவே அதைப் பிரதி எடுத்து அடுக்கினேன். முடித்தபோது நூற்றுப் பதினாறு அடுக்கு இருந்தது. கேட்பவரை இடமிருந்து வலமாக அது சுற்றி வரும்படி அமைத்தேன். கணினி வட்டில் இடம் போதாமல் போனது. எதையாவது அழித்தாக வேண்டும். திருத்தாத மூலப் பதிவுகள்தான் அதிக இடத்தை அடைத்திருந்தன. நிரந்தரமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்றேன். மூல நாடா பத்திரமாகத்தானே இருக்கிறது என்ற நம்பிக்கையில் செய்தது. அந்த அழிப்பில் மட்டும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

லெபோ பந்தாய் தெருக் கிடங்கில் நடந்த கேட்பு நிகழ்ச்சியை நீங்களே நடத்தினீர்கள். நாற்பது நாற்காலி, சுற்றிலும் கூரையிலும் என் பன்னிரண்டு ஒலிபெருக்கி, நடுநாற்காலியில் ஜெயராஜ் அண்ணன். இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் ரூபினி. நீங்கள் விளக்கைக் குறைத்தீர்கள். என் வாழ்க்கையில் முதல் முறையாக நான் அந்தக் குழுவில் வாசித்தேன்.

மூன்றாவது பாட்டில் வாசு எழுந்து சுற்றிலும் பார்த்தார். "டேய், எந்த ஐஸ்கிரீம்காரன்டா மணியடிச்சுக்கிட்டே மோட்டார்சைக்கிள்ல நம்மளயே சுத்துறான்? அவனுக்கு யாராச்சும் காசு குடுத்து அனுப்புங்க லா," என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்கு அது தவறாகப் படவில்லை. அசைவு தெரிகிறது என்றுதானே அர்த்தம்.

ரூபினி, "தாத்தா எந்தப் பக்கம் பாடுறாங்க?" என்று கேட்டாள். நான் மேலே காட்டினேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் ஏறி, கூரையைப் பார்த்துக் காதைச் சாய்த்தபடி மீதி ஆல்பம் முழுவதும் நின்றாள். பதினாறு வயதுப் பெண். ஜெயராஜ் அண்ணன் அவள் விழுந்துவிடாமல் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் என் தோளில் கைபோட்டு, போனில் மெதுவாகத் தட்டச்சு செய்து நீட்டினார். "நல்லா உழைச்சிருக்க தம்பி. ஆனா ரெண்டாவது பாட்டுல பெஞ்சமின் சாவி சத்தம் காணோமே. அது இருக்குன்னுதான் நாங்க அந்தப் பதிவையே வெச்சோம்."

அவர் மறுபடியும் தட்டினார். "பழைய டேப் இருக்குல்ல? ஜோடிக்காம அப்படியே போட்ருவோம். ரூபிக்கு நான் நேரா நின்னு பாடுற மாதிரி கேக்கணும்."

பிறகு, போனை வைத்துவிட்டு, மிச்சமிருந்த காற்றில் சொன்னார்: "உன் டாம்பரின் அன்னைக்கும் கொஞ்சம் முந்திக்கிச்சுடா. சின்னப் பையன், மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

அவர் திட்டியிருந்தால் நாடா இன்றைக்கும் இருந்திருக்கும், அமீரா. நாற்பத்தைந்து வருடம் ஒருவன் என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறான் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் நீங்கள் போன் செய்தீர்கள். "அங்கிள், டேப்பை இன்னொரு தடவை வாட்டி ஓடவிடலாமா?" என்று கேட்டீர்கள். தாராளமாக என்றேன். ஐரீன் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். இரண்டு சுருளையும் கேக் தட்டில் வைத்தேன். உங்களுக்குத் திரும்பி வந்த பெட்டியில் சுருங்கி இறுகிய கருப்பு வட்டு இரண்டு இருந்ததற்கு ஈரக்காற்றோ, பழமையோ, ஓவனோ காரணமில்லை. ஐம்பத்து நான்கில் வைக்க வேண்டிய குமிழை நூற்றெண்பதுக்குத் திருப்பியது நான். வேண்டுமென்றேதான் திருப்பினேன். நாற்பது நிமிடத்துக்கு மணி வைத்தேன், நாற்காலியை இழுத்துப்போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். தப்பித்தவறிக்கூட ஒரு கணம் எழுந்து அணைக்கத் தோன்றவில்லை.

ஜெயராஜ் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. ரூபினியிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது. என்னிடம் இருக்கும் சுற்றொலிப் பிரதி ஒன்றுதான் இனி உலகத்தில் அவர் குரல். கூரைப் பக்கம் கவனித்துக் கேட்டால் கிடைக்கும்.

ஐரீனின் ஓவனைப் பற்றி நான் எழுதிய குறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சூடு மிகச் சரியாக இருந்தது. ஒன்றை மட்டும் உண்மைக்காகச் சொல்ல வேண்டும். சரியாக நாற்பதாவது நிமிடம் நான் எழுந்து கதவைத் திறந்தேன். மணி இரண்டு விநாடி தாமதமாகத்தான் அடித்தது.